ஆரணியில் ஒரு வீடு, இரண்டு பதில்கள்

காலை 8.10க்கு வேலூரில் ஆரணி பேருந்தில் ஏறினேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். தூரம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பையில் முப்பது வினாத்தாள்கள். வாடகைத்தாய் முறையைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிவர ஓர் ஆய்வுக் குழு என்னை அமர்த்தியிருந்தது.

"புடவை எடுக்கவா மேடம்?" என்றார் நடத்துநர்.

"இல்லைங்க, சர்வே."

"இன்னா சர்வே?"

பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "குழந்தைங்க பத்தி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊராரைக் கூசாமல் பேசவைக்கப் போகிற எனக்கே வாய் வரவில்லை. கண்ணமங்கலம் தாண்டும் வரை அது உறுத்திக்கொண்டிருந்தது.

9.30க்கு ஆரணி. நெசவுத் தெருவுக்கு ஆட்டோ எழுபது ரூபாய். பாதி வீடுகளில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்ததால் கத்திக் கேட்கவேண்டியிருந்தது. வீட்டுக்குள் கேட்டது தெருவுக்கே கேட்டது. முதல் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டில், "இதெல்லாம் நாங்க பேசறதில்லைங்க" என்றார்கள்.

மூன்றாவது வீட்டில் ராஜம்மா உட்காரச் சொன்னார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பட்டு நூல் சுற்றியபடியே பதில் சொன்னார். எதிர்வீட்டு சங்கர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெத்துக்க முடியாதவங்களுக்காக இன்னொருத்தர் சுமக்கறது சரியா, தப்பா?"

"தப்பு."

"சொந்த அக்கா, காசு வாங்காம சுமந்தா?" சட்டம் இன்று அனுமதிப்பது காசில்லாமல் சுமப்பதை மட்டும்தான்.

"அதுவும் தப்புதான். எழுதிக்க."

பன்னிரண்டு கேள்விகளுக்கும் அதே பதில்.

ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கவேண்டும் என்பது எங்கள் விதி. அதனால் மருமகள் அமுதாவோடு சமையலறைக்குப் போனேன். மூன்று வயது மகள் அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பேர் எழுதுவீங்களா?" என்றாள் அமுதா.

"வீட்டு நம்பர் மட்டும்தான்."

"இவள எங்க அக்காதான் சுமந்தா." தறிச் சத்தத்தில் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். "எனக்கு நாலு வாட்டியும் கரு நிக்கல. அக்காவும் நானும் மெட்ராஸ்ல போய்த் தங்கிகினு இருந்தோம். வூட்டுக்காரருக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியாது. தெரிஞ்சா அவ்ளோதான்." பிள்ளையின் தலையைத் தடவினாள். "இவ அக்காவைப் பெரியம்மான்னு கூப்பிடறப்ப நான் அக்கா மூஞ்சியப் பாக்க மாட்டேன்."

தாளின் பின்பக்கம் கருத்து எழுத இடம் உண்டு. அவள் சொன்னபடியே எழுதினேன்: 'என் அக்கா செய்தது தப்பில்லை.'

12.15. அதன்பின் ஏறிய வீடுகளில் யாரும் பதில் தரவில்லை; திரும்பும்போது ராஜம்மா வீட்டருகே நாலு பேர் என்னை மறித்தார்கள். முன்னால் சங்கர்.

"பொம்பளைங்கள தனியா கூட்டிகினு போயி இன்னா பேசறீங்க? வாடகைத்தாய்க்கு ஆள் புடிக்கற ஏஜென்டா நீங்க?"

அடையாள அட்டையைக் காட்டினேன்.

"கார்டு யார் வேணா அடிக்கலாம். பேப்பரைக் குடுங்க, இன்னா எழுதிகினு போறீங்கன்னு பாக்கறோம்."

"முடியாதுங்க. யாருக்கும் காட்ட மாட்டேன்னு சொல்லித்தான் கேட்டிருக்கேன்."

ஒருவர் பையின் வாரைப் பிடித்தார். நான் விடவில்லை. உள்ளே நிரப்பிய இரண்டு தாளின் தலையிலும் வீட்டு எண் இருந்தது. பெயர் எழுதுவீர்களா என்று அமுதா கேட்டதற்கு 'நம்பர் மட்டும்தான்' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். இந்தத் தெருவில் எண் என்றாலே பெயர்தான். அமுதா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் முகத்தில் உயிரே இல்லை.

ராஜம்மா இறங்கி வந்தார். "இன்னாப்பா சங்கரு, பேஜார் பண்ணிகினு கீற? என்னாண்ட கேட்டத நீயும்தானே நின்னு கேட்ட?"

"உன்னாண்ட கேட்டது சரிக்கா. அமுதாவாண்ட தனியா இன்னா கேட்டாங்க?"

"அதேதான்." என்னிடம் திரும்பினார். "என் பேப்பரை எடும்மா. நானே சொல்றேன், காட்டு."

இரண்டு தாளிலும் ஒரே வீட்டு எண், ஒரே கையெழுத்து, என்னுடையது. பைக்குள் கைவிட்டு, இரண்டில் பின்பக்கம் காலியாக இருந்ததைப் பார்த்து உருவினேன். சங்கர் வரி வரியாகப் படித்தார். தப்பு, தப்பு, தப்பு.

"எங்க வூட்டுல ரெண்டு பேச்சு கெடையாது," என்றார் ராஜம்மா.

சங்கர் தாளைத் திருப்பித் தந்தார். பையைப் பிடித்திருந்தவர் கையை எடுத்தார்.

ஆட்டோ நிற்கும் இடம் வரை ராஜம்மா என்னோடு நடந்து வந்தார். பாதி வழியில், "அவ பேப்பர் பத்திரம்," என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"புள்ளையக் கொண்டாந்தப்பவே தெரியும். இவ மாருல பால் இல்ல. கூட வந்த அக்காகாரி ரவிக்கை நனைஞ்சுகினு இருந்துச்சு."

"தெரியும்னு அவங்ககிட்ட சொல்லிடலாமேம்மா. பயந்து பயந்து இருக்காங்க."

"நான் கேட்டுட்டா அப்புறம் அவ என் எதிர்ல தலை நிமிர மாட்டா."

"உங்க பதிலையாவது மாத்தி எழுதட்டுமா?"

"வேணாம். இன்னிக்கு அதானே உதவுச்சு. ஜல்தி ஏறு, வெயில் ஏறுது."

1.40க்கு வேலூர் வண்டி. ஏறி உட்கார்ந்ததும் குழுவின் மேற்பார்வையாளர் கைபேசியில் அழைத்தார். எத்தனை தாள் முடிந்தது என்று கேட்டார்.

"ரெண்டு சார். ஒரே வீடு. ஒண்ணு ஆதரவு, ஒண்ணு எதிர்ப்பு."

"நல்ல கலவை," என்றார் அவர்.

வேலூரில் என் வீட்டில் அம்மா இருக்கிறார், அண்ணி இருக்கிறார். மூன்று வாரமாக இந்தக் கேள்விகளைச் சுமந்து திரிகிறேன். அவர்களிடம் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. கேட்டால் அவர்களும் 'தப்பு' என்றுதான் சொல்வார்கள் என்று இன்று காலை வரை நிச்சயமாக இருந்தேன்.