மூன்றாம் புத்தகத்தில் நாற்பது நாள்

இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருஷமாகியும் ஒரு கேள்வி மட்டும் எனக்குப் பழகவில்லை. ஷார்ஜாவில் ஒரு மாலுக்குள் இருக்கும் புத்தகக் கடையில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளையைக் கையில் பிடித்தபடி வரும் அம்மாக்கள் தடிமனான ஒரு மாயாஜால நாவலை எடுத்துப் புரட்டிவிட்டு, இதில் யாராவது சாகிறார்களா என்று என்னைக் கேட்பார்கள். நம் பக்கத்தில் கதைப் புத்தகம் வாங்குகிறவர் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. நம் பக்கத்தில் கதைப் புத்தகம் வாங்குகிறவரையே அதிகம் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். போன வருஷம் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கேட்டபோது, அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "நோ மேடம், ஒன்லி ஃபாதர்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டு, மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பொய் சொல்லவில்லை. அந்த அலமாரியில் பெரும்பாலான கதைகளில் தகப்பன் முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போவான், இல்லையென்றால் காணாமல் போவான். தகப்பன் வீட்டில் இருந்தால் பத்து வயசுப் பிள்ளையை டிராகனோடு மல்லுக்கட்ட விடுவானா? பிள்ளை கதவைத் தாண்டி வெளியே போக வேண்டுமென்றால் முதலில் அவன் போயாக வேண்டும்.

எனக்கு லப்பைக்குடிக்காடு. பெரம்பலூர் மாவட்டத்தின் ஓரத்தில், வெள்ளாற்றங்கரையில் இருக்கும் ஊர். அங்கே பெரும்பாலும் வீட்டுக்கு ஓர் ஆண் சபரில் இருப்பார். பிழைக்கப் போகும் வெளிநாட்டைத்தான் நாங்கள் சபர் என்போம். நான் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்தவன். முதலில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் அரிசி மூட்டை அடுக்கினேன், பிறகு இந்தக் கடைக்கு வந்து புத்தகம் அடுக்குகிறேன். எங்கள் கடையில் எட்டு முதல் பன்னிரண்டு வயசுக்கு ஒரு அலமாரி. அட்டையெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகச் சிரிக்கும். அதைத் தாண்டி வளைந்தால் பெரிய பிள்ளைகளின் அலமாரி. அட்டையெல்லாம் கறுப்பு, வாள், கிரீடம், ரத்தச் சிவப்பில் எழுத்து. ஊரில் இருக்கும் என் மகள் நஸ்ரினுக்கு இப்போது பதின்மூன்று வயசு. அவள் எந்த வருஷம் எந்த அலமாரிக்கு வந்தாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எந்த வருஷம் என் தோள் உயரத்துக்கு வந்தாள் என்பது தெரியாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவு. அவ்வளவுதான் நான் பார்த்தது.

போனில் அவள் என்னோடு பேசுவது மூன்று வாக்கியமாகக் குறைந்துபோயிருந்தது. "சாப்பிட்டீங்களா அத்தா?", "நல்லா படிக்கிறேன் அத்தா", "இந்தாங்க, அம்மாட்ட குடுக்குறேன்." மூன்றாவது வாக்கியம்தான் சீக்கிரம் வரும். சின்ன வயசில் போனை நக்கித் தின்கிற மாதிரி பேசிய பிள்ளை அது. என்னிடம் பேச அவளுக்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்பது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. என் மனைவி மும்தாஜிடம் சொன்னால், "வயசுப் புள்ள, அப்படித்தான் இருக்கும். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்பாள். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில் கடையில் ஏசி ஒழுகி ஐந்து புத்தகம் கொண்ட ஒரு தொகுதியின் மேல் பெட்டி நனைந்துவிட்டது. உள்ளே புத்தகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. விற்க முடியாது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார் மேனேஜர். தொகுதியின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், வேண்டாம். கதை இதுதான். ஒரு பெண்பிள்ளை, பாலம் கட்டுகிற அவள் தகப்பன். கடலுக்கு அப்பால் இருக்கிற ராணி ஒருத்தி தன் நாட்டில் பாலம் கட்ட அவரைக் கூப்பிடுகிறாள். போகிறார். விசா இல்லாமல் போனார் என்பதைத் தவிர எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

நஸ்ரினுக்கென்று ஐந்தையும், லீவில் ஊருக்குக் கிளம்பிய காதர் பாயிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் ஊர் வழக்கம் அது. யார் லீவில் போனாலும் மற்றவர்களின் சாமானையும் சுமந்துகொண்டு போக வேண்டும், முடியாது என்று சொல்வது மரியாதையில்லை. நாலு நாள் கழித்து நஸ்ரின் போன் செய்தாள். அவளாகச் செய்தது. "அத்தா, ஒண்ணு ரெண்டு இருக்கு. நாலு அஞ்சு இருக்கு. மூணக் காணோம்." காதர் பாயைப் பிடித்தேன். ஏர்போர்ட்டில் எடை கூடிவிட்டதாம். பால் பவுடரை எடுத்தால் அவர் வீட்டில் திட்டு விழும், தைலத்தை எடுத்தால் பக்கத்து வீட்டில் திட்டு விழும். "ஓரத்துல எடுத்தா கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நடுவுல ஒண்ண எடுத்தேன் மச்சான். அஞ்சுல ஒண்ணு கொறஞ்சா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். தேங்காய் மூட்டையில் ஒன்று குறைந்தது மாதிரி சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்துவிட்டது.

"நான் வேற அனுப்புறேம்மா" என்றேன். "பரவால்ல அத்தா" என்றாள். அனுப்புவதற்கு முன் நாமே படித்துவிட்டால் அதைப் பற்றி அவளோடு பேசலாமே என்று ஒரு ஆசை வந்தது. கடையில் இருந்த மூன்றாம் புத்தகத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடோனில் உட்கார்ந்து, போனில் அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலைந்து பக்கமாகப் படித்தேன். முக்கால்வாசியில் பாலம் இடிகிறது. தகப்பன் அதோடு விழுகிறார். உடம்பு கூட வீட்டுக்கு வரவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சபரில் இருக்கிறவன் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று உண்டு. அதை எவனோ அச்சடித்து, மேலே பளபளவென்று கிரீடம் போட்டு, பிள்ளைகளுக்கு விற்கிறான். நஸ்ரின் கேட்டபோது, "ஸ்டாக் இல்லம்மா, எங்கயும் கிடைக்கல" என்று சொல்லிவிட்டேன். புத்தகத்தைக் கொண்டுபோய் அட்லஸ்களுக்குப் பின்னால் சொருகி வைத்தேன். அட்லஸை இப்போது யாரும் எடுப்பதில்லை.

அதற்குப் பிறகுதான் ஆச்சரியம் நடந்தது. நஸ்ரின் என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். லீவு வேணும்னா அங்க மொதல்ல யாருகிட்ட கேக்கணும் அத்தா? சூட்கேஸ்ல கயிறு ஏன் கட்டுறீங்க? ஏரோப்ளேன்ல ஊரு தெரியுமா? வீட்டுக்கு வந்த மொத நாளு ஏன் எப்பவும் தூங்கிக்கிட்டே இருக்கீங்க? மூன்று வாக்கியம் முப்பதானது. என் மகளுக்கு என் மேல் அக்கறை வந்துவிட்டது என்று ரூமில் எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

இந்த வருஷம் லீவு கிடைத்தது. திருச்சியில் இறங்கி, பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து குன்னம் வழியாக ஊருக்கு இன்னொரு பஸ். வீட்டில் நாலு நாள் விருந்தாளி மாதிரி இருந்தேன். ஐந்தாம் நாள் நஸ்ரின் பள்ளிக்கூடம் போயிருந்தபோது அவள் மேசையில் அந்தத் தொகுதியைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, பிறகு பிரவுன் அட்டை போட்ட ஒரு நீள நோட்டு, பிறகு நான்கு, ஐந்து. நோட்டின் லேபிளில், பெயர் என்ற இடத்தில் அவள் பெயர். பாடம் என்ற இடத்தில் '3' என்று எழுதியிருந்தது.

பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். பாலம் கட்டுகிற தகப்பன் அதில் விழவில்லை. ராணியிடம் லீவு கேட்கிறார், ராணி மேனேஜரிடம் கேட்கச் சொல்கிறாள். பாலம் இன்னும் முடியவில்லை. ஆனால் அதற்குள் கடல் வற்றிவிடுகிறது. வெள்ளைத் தரை, அதில் கல்லாகிப்போன சிப்பிகள். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள், அதை எடுத்து இங்கே போட்டிருக்கிறாள். சிமெண்ட் லாரிகள்கூட வருகின்றன. அவர் கயிறு கட்டின பெட்டியோடு சிப்பி மேல் நடந்தே வீட்டுக்கு வருகிறார். வந்து ஒரு நாள் முழுக்கத் தூங்குகிறார். உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று சொந்த வீட்டில் மகளிடம் கேட்கிறார். அந்த மகள் சொல்லிக்கொடுக்கிறாள், ஆனால் ரொம்ப நேரம் அவரை 'அத்தா' என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. இதைப் படித்தபோது நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

சாயங்காலம் அவள் வந்ததும் மறைக்க முடியவில்லை. "நோட்டப் படிச்சிட்டேம்மா" என்றேன். "அந்த மூணாவது புத்தகம் எங்க கடையில இருக்கு. ஸ்டாக் இல்லன்னு நான் சொன்னது பொய். அதுல அந்த அத்தா..."

"மௌத்தாயிடுவாரு. தெரியும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நாலாவதுல மொத பக்கத்துலயே அந்தப் புள்ள அவரோட அளவுக் கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கிது அத்தா. அவரு இருந்தா கயித்தக் குடுப்பாரா?"

மூன்றாவது வராமல் நான்காவதைத் திறந்திருக்க மாட்டாள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகம் விற்கிறவனுக்குப் புத்தகம் படிக்கிற பிள்ளையைத் தெரியவில்லை.

"அவர என்னால காப்பாத்த முடியாது. நாலும் அஞ்சும் ஏற்கனவே அச்சாயிடுச்சு" என்றாள். "மூணாவதுதான் என் கையில இருந்துச்சு. அதான் அவருக்கு நாப்பது நாள் லீவு குடுத்துட்டேன்."

நோட்டைப் புரட்டி, "முப்பத்தொம்பது நாள்தான் எழுதியிருக்கு. நாப்பதாவது நாள் காலியா இருக்கே?" என்று கேட்டேன்.

"அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதே."

அவளுக்கு எப்படித் தெரியும்? பிள்ளை அழும் என்று நான் எப்போதும் ஸ்கூல் வேன் போனபிறகுதான் கிளம்புவேன். மும்தாஜும் நானும் சேர்ந்து செய்த ஏற்பாடு. காலையில் நான் இருப்பேன், சாயங்காலம் அவள் வந்தால் இருக்க மாட்டேன். அவளுக்கு நல்லது செய்ததாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம். என் மகள் என்னை ஒரு தடவைகூட வழியனுப்பியதில்லை. நானும் அந்த அலமாரித் தகப்பன்கள் மாதிரி, பக்கம் திருப்புவதற்குள் காணாமல் போனவன்தான்.

இந்தத் தடவை நாற்பதாம் நாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. "புள்ள தாங்காதுங்க" என்றாள் மும்தாஜ். "தாங்கும்" என்றேன், எனக்கே நிச்சயமில்லாமல். மூன்று பேரும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். நஸ்ரின் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"என்னம்மா அப்படிப் பாக்குற?"

"நீங்க பாட்டுக்கு எப்பவும் போறமாதிரி போங்க அத்தா."

எப்போதும் போகிற மாதிரி என்றால் அது எப்படி? திருச்சி பஸ் வந்தது. கண்டக்டர், "ஏர்போர்ட்டா? பெட்டியப் பின்னால வைங்க, சீக்கிரம்" என்று சத்தம் போட்டார். புத்தகத்தில் வரப்போகிற ஆளாயிற்றே, தைரியமாக இருக்க வேண்டும் என்று ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். மும்தாஜ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நஸ்ரின் அழவில்லை, கையும் ஆட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் பாடாலூர் தாண்டும்வரை கண் தெரியவில்லை.

இங்கே வந்து இறங்கிய வாரமே கேட்டேன். "நாப்பதாவது நாள எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"என்னம்மா எழுதுன? படிச்சுக் காட்டேன். இல்ல போட்டோ எடுத்து அனுப்பு."

"ஊஹூம். வந்து படிச்சுக்குங்க அத்தா."

இன்ஷா அல்லாஹ் என்றேன். அவளும் சொன்னாள். அட்லஸுக்குப் பின்னாலிருந்த புத்தகத்தை எடுத்து அதன் இடத்திலேயே வைத்துவிட்டேன். போன வாரம் தலையில் துணி கட்டிய ஓர் அம்மாள் சரியாக அந்தத் தொகுதியை எடுத்துவந்து, இதில் யாராவது சாகிறார்களா என்று கேட்டார். "ஐ டோண்ட் நோ மேடம். லாஸ்ட் பேஜ் நாட் ரெட்" என்றேன். விற்கிறவனே படிக்கவில்லையா என்பது மாதிரி பார்த்தார். அந்தக் கடைசிப் பக்கம் லப்பைக்குடிக்காட்டில், இரண்டாம் புத்தகத்துக்கும் நான்காம் புத்தகத்துக்கும் நடுவே இருக்கிறது என்று சொன்னால் அவருக்கு எப்படிப் புரியும்?