லிபியின் ‘வேண்டாம்’

உதட்டில் நான்கு குண்டூசிகளைக் கடித்தபடியே லிபி கையை நீட்டுகிறாள். யாரோ ஒருவருடைய போன் அந்தக் கையில் வைக்கப்படுகிறது. அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டு, ஊசிகளை ஒவ்வொன்றாக மேசைத் துணியில் குத்திவிட்டுப் பேசுகிறாள். தையல் மெஷின் நிற்பதில்லை.

“வேண்டாம் மக்களே. நம்பரை லிஸ்ட்ல இருந்து எடுத்து விடு. செரி, சாப்பிட்டியா நீ?”

போன் உரியவரிடம் திரும்பிவிடும். பத்து விநாடிக்கு மேல் ஆகாது.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடையும் தேங்காய்களின் சத்தம் கேட்கிற சந்து அது. லிபிக்கு முப்பத்தெட்டு வயது. மார்த்தாண்டத்துக்காரி. பிளவுஸ், சுடிதார் தைப்பதும் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதும் தொழில். மற்றவர்களுக்கு வரும் விற்பனை அழைப்புகளுக்கு ‘வேண்டாம்’ சொல்வதற்குக் கூலி கிடையாது. எதிரே நேந்திரங்காய் வறுக்கும் தங்கப்பன்தான் அதிகம் வருபவர். போனை வாணலியிலிருந்து எடுத்ததுபோல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஓடிவருவார்.

“எடீ லிபி, லோன்காரி பின்னேயும் வந்துட்டா! எனக்கு எதுக்குடீ லோன்?”

“வாங்கி ஒரு பல்லு கெட்டுங்க அண்ணாச்சி. நீங்க சிரிச்சா சிப்ஸ் வாங்க வந்த ஆளு திரும்பிப் போவுது.”

தைப்பதற்கு முன் மூன்று வருடம் அவளும் போனில் விற்றவள். இந்த நகரத்திலேயே ஓர் ஆபீஸ். மலை ரிசார்ட்டுகளில் வருடத்துக்கு ஒரு வாரம் தங்கும் திட்டம். தமிழ் பேசுகிறவர்களுக்கான மேசை. எதிரே ஒரு தாள் ஒட்டியிருக்குமாம். முதல் ‘வேண்டாம்’ வந்தால் என்ன சொல்ல வேண்டும், இரண்டாவதுக்கு என்ன, மூன்றாவதுக்கு என்ன என்று வரி வரியாக. துணி தைக்கக் கொடுக்கப் போகும்போது என்னிடம் சொல்வாள்.

“நம்ம ஆளுகளுக்கு வேண்டாம்னு சொல்ல வராது அக்கா. பந்தியில ‘மதி, மதி, போதும்’னுகிட்டே இலையை நீட்டுத கூட்டமாக்கும். ‘பிறவு பாப்போம்’ம்பாங்க. நாங்க அதை ‘விருப்பம் உண்டு’ன்னு கம்ப்யூட்டர்ல அடிச்சு, திரும்பக் கூப்பிடத் தேதியும் போட்டு வைப்போம்.”

இந்த அழைப்புகள் ஏன் எல்லோருக்கும் இவ்வளவு வெறுப்பாக இருக்கின்றன என்று ஒருமுறை கேட்டேன். நூலைப் பல்லால் அறுத்துவிட்டுச் சொன்னாள்.

“விக்க வாறது தப்பில்ல. மீன்காரி வாசல்ல நின்னு கூப்பிடுவா, வேண்டாம்னா கூடையைத் தூக்கிட்டுப் போயிருவா. இது காதுக்குள்ள கேறி உக்காந்து நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிடுது. பேரைச் சொன்னவனை எப்பிடித் தள்ள? அதாக்கும் காரியம்.”

வேலையை விட்டதைப் பற்றி அவள் நீட்டிச் சொன்னதில்லை. “ஒரு வாத்தியாரு. மூணு வேண்டாமும் சொன்னாரு. பிறவு அழுதாரு. அழுத மனுசனுக்கும் தேதி போட்டேன். மறுநா போகல்ல.” அவ்வளவுதான். ஆனால் அழைக்கும் பெண்களை அவள் ஒருநாளும் திட்டி நான் கேட்டதில்லை. தங்கப்பன் திட்ட ஆரம்பித்தால் போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

ஜூன் மாதம் என் கணவர் கிருஷ்ணகுமார் காலமானார். குடும்ப ஓய்வூதிய விஷயமாக அலுவலகத்திலிருந்து அவருடைய எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் அந்தப் போனை அணைக்க முடியவில்லை. தெரியாத எண் எது வந்தாலும் எடுத்தாக வேண்டும். ஓணம் முடிந்த வாரம், உடம்பு இளைத்து எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதால், நான்கு பிளவுஸ்களைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். அங்கே இருக்கும்போதுதான் அந்த அழைப்பு வந்தது; ஸ்பீக்கரில் போட்டு எடுத்தேன்.

“கிருஷ்ணகுமார் சார் இருக்காங்களா?”

அவர் இறந்துவிட்டதைச் சொன்னேன்.

“சாரி மேடம். சார் மே மாசம் எங்ககிட்ட பேசினாங்க. ‘என் வைஃபுக்கு மலைன்னா உயிர், ஓணம் முடிஞ்சு கூப்பிடுங்க’ன்னு சொன்னாங்க. அவங்க கடைசி ஆசை மாதிரிதான மேடம்? இன்னிக்கே சரின்னு சொன்னீங்கன்னா சார் பேர்லயே ரிசார்ட் மெம்பர்ஷிப் போட்டுடலாம்.”

மே மாதம் அவர் பேசிய எந்தச் சொல்லையும் விட்டுவிட நான் தயாராக இல்லை. நான் அறியாமல் அவர் எனக்காக ஒன்றை நினைத்திருக்கிறார். மறுத்தால் அவரையே மறுப்பதுபோல் இருந்தது. கார்டை எடுக்கப் பைக்குள் கை போய்விட்டது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

மெஷின் நின்றது. லிபி போனை வாங்கி உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

“அக்கா, உங்களுக்கு மலை பிடிக்குமா?”

“பொன்முடிக்கு ஒரே ஒரு தடவை போனோம். ஏழாவது வளைவிலேயே வாந்தி. அப்படியே திரும்பிட்டோம்.”

“அண்ணன் கூட உண்டா?”

“அவர்தான் நெற்றியைத் தாங்கிப் பிடிச்சிருந்தார்.”

“அப்பம் அது அண்ணனுக்க வார்த்தை இல்ல. தாள்ல உள்ள வரியாக்கும். நானே நூறு பேருகிட்ட வாசிச்சிருக்கேன். அண்ணன் ‘ஓணம் கழியட்டும்’னு மட்டும் சொல்லியிருப்பாரு.”

ஆம், அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். யாரையும் முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாதவர். அந்தச் சாலையோரத்தில் என் நெற்றியைத் தாங்கிய கையோடு மனிதர் எனக்குத் திரும்பக் கிடைத்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால், என்னை அறியாத வேறு ஒருவரை அவர் இடத்தில் வைத்து வருடாவருடம் மலை ஏறியிருப்பேன்.

“தேதி போட்ட நம்பரைச் சும்மா எடுக்கச் சொன்னா அந்தப் பிள்ளைக்கு ஆபீஸ்ல திட்டு விழும்” என்று லிபி என்னிடம் கிசுகிசுத்தாள். “கேஸ் குடுப்பேன்னு ஒருத்தி கத்தினா நம்பரை உடனே எடுத்திருவாங்க. அவமேல குத்தம் வராது. பயப்படாதீங்க, என்ன?”

பிறகு கையை எடுத்தாள். சந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

“ஏய்! இறந்த மனுசனுக்க பேர்ல யாவாரமா நடத்துதீங்க? இப்பமே ஸ்டேஷனுக்குப் போறேன், கேட்டியா! நம்பரை எடு! எடுத்தாச்சுன்னு சொல்லு!”

கரண்டியோடு ஓடிவந்த தங்கப்பனை, ஒன்றுமில்லை என்று இடக்கையால் தடுத்து நிறுத்தினாள். போனில் அந்தப் பெண்ணின் குரல், அவசரமாகவும் பாரம் இறங்கியதுபோலவும், “எடுத்துட்டேன் மேடம், இனி வராது மேடம்” என்றது.

அழைப்பு முடிந்ததும் திரையில் கிருஷ்ணகுமாரின் முகம் வந்தது, கட்டம் போட்ட சட்டையும் பாதிச் சிரிப்புமாக. லிபி அதைப் பார்த்தாள். மடியிலிருந்த துணியை ஒதுக்கி வைத்து எழுந்து நின்றாள். சுடிதாரில் ஒட்டியிருந்த நூல்களைத் தட்டிவிட்டு, ஷாலைச் சரிசெய்துகொண்டு, போனை இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினாள்.