கண்ணாடி இழை நுனியில் ஒரு மசி

ஆயுத பூஜை என்றாலே எனக்கு ஆகாது. பொரிகடலைத் தட்டை யாராவது நீட்டினால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

திருப்பதியில் லேசர் ஆய்வில் சேர்ந்த நான்காவது வருடம் அது. என் வேலையைச் சொல்வது சுலபம், செய்வதற்குள் பிராணன் போய்விடும். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டை ஒட்டும் டேப்பில் உரித்து, அதை இன்னொரு டேப்பில் உரித்து, இப்படியே போனால் கடைசியில் சில அணுக்கள் கனத்தில் கிராஃபீன் மிஞ்சும். அதை முடியளவு கண்ணாடி இழையின் நுனியில் பதித்து, இழையை வட்டமாகச் சுற்றி இணைக்க வேண்டும். வட்டத்துக்குள் லேசர் ஒளி ஓடும். கிராஃபீனின் குணம், மங்கலான ஒளி வந்தால் விழுங்கிவிடும், பலமான ஒளிக்கு வழிவிடும். சாதிச் சான்றிதழுக்காக நைனாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) நானும் ஏறி இறங்கிய ஆபீஸ்களில் இந்தக் குணத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு மட்டும் "ரேப்பு ரா", நாளைக்கு வா, என்பார்கள். அங்கே மங்கலான ஒளி நாங்கள்தான்.

அப்படிச் சலித்துச் சலித்து, சுற்றி ஓடும் ஒளியெல்லாம் ஒன்றாகக் கூடி மிக மிகக் குறுகிய துடிப்பாக மாறும். ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்கு வைத்தால், அதில் ஒரு பங்கை விடவும் குறுகியதாக இருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

எட்டு மாதம் பதித்தேன். ஒன்று ஒட்டாது, ஒன்று கருகும். கடைசியில் ஒரே ஒரு நுனி வேலை செய்தது. திரையில் துடிப்புகள் நாற்று நட்ட மாதிரி வரிசையாக நின்றன, மணிக்கணக்கில் அசையவில்லை. எவ்வளவு குறுகியது என்று அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. வெளியூர் ஆய்வகம் ஒன்று பூஜைக்கு அடுத்த வாரம் நேரம் கொடுத்திருந்தது. அளந்தால் கட்டுரை, கட்டுரை வந்தால் பட்டம். உதவித்தொகை முடிய ஐந்து மாதம்தான் இருந்தது.

பூஜையன்று மட்டும் வீட்டார் ஆய்வகத்துக்குள் வரலாம். கங்காதர நெல்லூர் பக்கத்திலிருந்து நைனா முதல் பஸ் பிடித்து வந்தார். கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சும் கூலி வேலை அவருக்கு. தோளில் புதுத் துண்டு.

இணைப்பைக் கழற்றி நுனியைக் காட்டினேன். பெருமைதான், வேறென்ன. இழையைப் பிடித்திருக்கும் சின்ன வெள்ளைப் பீங்கான் முனை, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல்.

"இன்னா பாப்பா, அடுப்பு மசி மாதிரி கீது?"

"மசிதான் நைனா. அதுலதான் எல்லாமே கீது."

சிரித்தார். வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார்.

அதற்குள் என் கைடு பூஜைத் தட்டு எடுக்கக் கூப்பிட்டார். நுனியை மேசைமேல் வைத்தேன். சந்தனக் கிண்ணத்தை நைனா கையில் கொடுத்துவிட்டு, ஓடிக்கொண்டே சொன்னேன்: "எல்லாத்தையும் நல்லா தொடச்சிட்டுப் பொட்டு வெய்யி நைனா."

என் வாயால் நானே சொன்னேன்.

திரும்பி வந்தபோது திரைக்கும் பெட்டிகளுக்கும் மேசைக்காலுக்கும்கூடப் பொட்டு இருந்தது. பீங்கான் முனை வெள்ளை வெளேரென்று மின்னியது. அதன் கழுத்தில் கடுகளவு சந்தனம், மேலே குங்குமம்.

"துண்டால தேச்சேன், போவல. தண்ணி தொட்டுத் தேச்சேன், போய்டிச்சி," என்றார். "மசி பட்டா வெல்லமே கறுத்துடும். லைட்டு எப்டிப் போவும்?"

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் இன்று நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ. "நல்லா கீது நைனா" என்றேன். சாயங்காலம் பஸ் ஏறும்போது அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் கண் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, துண்டில் மசியைத் தேடியது. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நுனி கருகிவிட்டது என்று கைடிடம் பொய் சொன்னேன். "ஏம் சேஸ்தாமம்மா", என்ன செய்ய முடியும் என்று பெருமூச்சு விட்டு, அளக்கும் நேரத்தை வேறு மாணவருக்குக் கொடுத்தார். அடுத்த நாலு மாதமும் உரித்தேன், பதித்தேன். கிராஃபீன் கைகொடுக்காதபோது மாலிப்டினம் டைசல்ஃபைடு, டங்ஸ்டன் டைசல்ஃபைடு என்று அடுக்கடுக்காக உரியும் எதையும் விடவில்லை. திரையில் வந்ததெல்லாம் தள்ளாடும் அலைகள். கடைசி மாதம் டேப் வாங்கவும் மனசில்லை.

இப்போது சித்தூரில் ஒரு கோச்சிங் சென்டரில் இயற்பியல் நடத்துகிறேன். ஒளி பாடம் வரும்போது சீக்கிரம் முடித்துவிடுவேன். அந்தத் துடிப்பு எவ்வளவு குறுகியது என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

பட்டம் வாங்கித்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று நைனா நம்பிக்கொண்டிருக்கிறார். லேசருக்குப் பொட்டு வைத்த கதையை ஆலையில் சொல்லாத ஆள் இல்லை. இந்தப் பூஜைக்கும் கேட்டார்.

"அந்த மிசினு இன்னும் ஓடிக்கினு கீதா பாப்பா?"

"ஓடுது நைனா."

"பின்ன? சுத்தமா தொடச்சி உட்டேனில்ல," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.