அயர்லாந்து விருந்தாளிகளும் என் இறால் சம்பாலும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளி விடுமுறை நேரத்தில் நடந்தது இது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் புக்கிட் செலம்பாவ் பக்கம் எங்கள் வீடு. கணவர் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். நான் சுங்கை பட்டாணியில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். அதை மூடிவிட்டார்கள். கைக்கு வந்த நஷ்டஈட்டை வைத்து வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கட்டி, ஹோம்ஸ்டே என்று போர்டு மாட்டினேன். போர்டு மாட்டியதுதான் மிச்சம். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களைத் தவிர ஒரு ஈ காக்காய் கூட எட்டிப் பார்க்கவில்லை.

“ஃபேக்டரி ஆளுங்களுக்கு ஹோஸ்டலா விட்டுருவோம்லா. ஏஜண்டு தினமும் போன் போடுறான்” என்றார் கணவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்த விடுமுறை முடியும் வரை பொறுங்கள் என்று கெஞ்சி வைத்திருந்தேன்.

அப்போதுதான் அயர்லாந்திலிருந்து ஒரு தம்பதி சில நாட்கள் தங்க வருவதாகச் செய்தி அனுப்பினார்கள். அவர்களும் எங்களைப் போலத்தானாம். கடலோரத்தில் சின்னதாக ஒரு தங்கும் விடுதி. அங்கே சாப்பாட்டு மேசைக்கு வருவதெல்லாம் அக்கம்பக்கத்துப் பொருள்தானாம்: பக்கத்துப் பண்ணையின் வெண்ணெய், அந்தக் கடலில் பிடித்த மீன், தோட்டத்து உருளைக்கிழங்கு, வீட்டிலேயே சுட்ட ரொட்டி. ‘நல்ல சாப்பாடு, நல்ல தங்குமிடம்’ என்று ஊர் ஊராகத் தொகுத்துப் போடும் புத்தகத்தில் அவர்கள் விடுதியும் இருக்கிறதாம். “எங்கே போனாலும் அந்த ஊரில் விளைவதைத்தான் சாப்பிடுவோம். உங்கள் வீட்டுச் சாப்பாடு பிடித்திருந்தால் எங்கள் விருந்தாளிகளிடமும் சொல்வோம்” என்று எழுதியிருந்தார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தஞ்சோங் டாவாய் மீன்பிடித் துறைக்குக் கணவரை விரட்டி, படகிலிருந்து இறங்கிய இறாலும் நெத்திலியும் வாங்கிவரச் செய்தேன். பக்கத்துத் தோப்பில் நாட்டுக்கோழி. எங்கள் வேலியோரத்து மரவள்ளிக்கிழங்கு, முருங்கைக்கீரை. அரிசி கூட இந்த மாநிலத்து வயலில் விளைந்ததுதான்.

இதற்கு முன்பு ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கென்று நடந்த ஒரு வகுப்புக்குப் போயிருந்தேன். பாடம் நடத்திய அம்மா ஒரு விஷயத்தை அழுத்தி அழுத்திச் சொன்னார். வெள்ளைக்காரர்களிடம் ஒரு தடவைதான் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நம் ஆட்கள் மாதிரி தட்டில் மேலே மேலே கொட்டினால் மிரண்டுபோய் மோசமாக எழுதிவிடுவார்கள். அதை மனப்பாடம் செய்துகொண்டுதான் நான் தயாராக இருந்தேன்.

வந்தார்கள். அவருக்கு அறுபது வயது இருக்கும். அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் குறைவு. வெயிலில் இரண்டு பேரும் தக்காளிப் பழமாகச் சிவந்திருந்தார்கள். மத்தியானம் இலை போட்டுப் பரிமாறினேன். மிளகாய் விழுதில் வதக்கிய இறால் சம்பாலை வாயில் வைத்ததும் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அவர் கணவர் தலையை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டார். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே குதூகலம். “இன்னும் கொஞ்சம் இறால்?” என்று கேட்டேன். “ஐயோ, வேண்டாம், வேண்டாம், போதும்” என்று இரண்டு பேரும் கையை ஆட்டினார்கள். நானும் வகுப்பில் சொன்னபடி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அந்த அம்மாவின் கண் கிண்ணத்தோடு கூடவே சமையலறை வரைக்கும் வந்தது. எதற்கு இப்படிப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் தேநீர் வேண்டுமா என்று கேட்டேன். சிரமப்படாதீர்கள் என்றார்கள். சரி என்று அடுப்பை அணைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து என் சமையலறையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் அந்த அம்மா பெட்டியிலிருந்து மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு சீஸ் கட்டியை எடுத்து வந்தார். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் பண்ணையில் செய்ததாம். எனக்காகத் தூக்கி வந்திருக்கிறார். வாங்கவே கூச்சமாக இருந்தது. வேண்டாமென்றேன். மறுபடியும் நீட்டினார். மறுபடியும் வேண்டாமென்றேன். விடவே இல்லை, கையில் திணித்துவிட்டுத்தான் போனார். என்ன இந்த அம்மா, இப்படி வம்பு பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

ராத்திரிச் சாப்பாடும் அப்படித்தான். முதலில் வைத்ததைப் பருக்கை விடாமல் சாப்பிட்டார்கள். கேட்டால் வேண்டாம். மறுநாள் காலையில் ஆளுக்கு ஒரு தோசை. இன்னொன்று கேட்டேன், வேண்டாம். எடுத்துக்கொண்டு போனேன்.

“அவங்களுக்கு உன் சமையல் புடிக்கலலா” என்றார் கணவர்.

“புடிக்கலன்னா எலையை எதுக்குங்க வழிச்சு வழிச்சுச் சாப்பிடுறாங்க?”

“எனக்கு என்ன தெரியும்? பேசாம ஏஜண்டுக்குச் சொல்லிடவா?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உப்பு கூடிவிட்டதா? உறைப்பா? சம்பாலில் போட்ட பிளாச்சான் என்ற இறால் விழுதின் வாடை ஒத்துக்கொள்ளவில்லையா? ஒவ்வொரு சட்டியிலும் கரண்டி விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. போதாக்குறைக்கு முந்தின நாளே சூப்பர்மார்க்கெட்டிலிருந்து அவர்கள் ஊர் வெண்ணெய் ஒரு கட்டி வாங்கி வைத்திருந்தேன். காலையில் தோசைக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

காலாற நடந்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் கணவர் போன் செய்தார்.

“உன் வெள்ளைக்காரங்க பாய் கடையில உட்கார்ந்து ஒரு வெட்டு வெட்டிக்கிட்டு இருக்காங்க. நம்ப மாட்ட, போய்ப் பாரு.”

பாய் கடை என்பது எங்கள் முச்சந்தியில் இருக்கும் சாப்பாட்டுக் கடை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். நான் போவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். மேசையில் தட்டுகள் மட்டும் இருந்தன. என் மானமே அந்தத் தட்டுகளில் கிடந்த மாதிரி இருந்தது.

“பாய், என்னா சாப்பிட்டாங்க?”

“ரொட்டி சானாய், மீன் குழம்பு, அப்புறம் சோறு. ஏன்மா, நீங்க வீட்டுல சோறு போடலையா?” என்று சிரித்தார் பாய்.

“நான் கேட்டா வேண்டாம்னுதான் சொல்றாங்க பாய்.”

“என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. நான் எங்க கேட்டேன்? அட சும்மா சாப்பிடுங்கன்னு சொல்லி இன்னொண்ணு போட்டேன். சாப்பிட்டாங்க. இன்னொண்ணு போட்டேன். அதையும் சாப்பிட்டாங்க.”

குழப்பம் தீரவில்லை, கூடித்தான் போனது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏன் சாப்பிட வேண்டும்? மோட்டாரில் திரும்பும்போது பாதி வழியில் திடீரென்று அந்த சீஸ் கட்டி ஞாபகத்துக்கு வந்தது. நானும்தானே வேண்டாமென்றேன்! ஒரு தடவை கேட்டுவிட்டு அந்த அம்மா அதை உள்ளே எடுத்துப் போயிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தனியாகச் சிரித்தேன். ஆனாலும் நிச்சயமில்லை. வகுப்பில் படித்துக் கொடுத்தவர் பொய்யா சொல்லியிருப்பார்?

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மறுபடியும் இறால் சம்பால், நாட்டுக்கோழிக் குழம்பு, மரவள்ளிக்கிழங்கு. இலை போட்டுப் பரிமாறினேன். இன்னும் கொஞ்சம் என்றேன். வேண்டாமென்றார்கள். நான் நகரவில்லை. கொஞ்சம்தான் என்றேன். ஐயோ, வேண்டாம் என்றார் அந்த அம்மா. ஆனால் கை இலையை மறைக்கவில்லை. கதவோரம் நின்ற கணவர் ‘வேண்டாம், விடு’ என்று கண்ணாலேயே ஜாடை காட்டினார். நான் சாமியை நினைத்துக்கொண்டு ஒரு பெரிய கரண்டி இறாலை அள்ளி இலையில் போட்டுவிட்டேன்.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்பாடா!” என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாரே, அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். அவர் கணவர் தன் இலையை என் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. அவர்கள் ஊரில் முதல் தடவை கேட்டதும் சரி என்று சொன்னால் ஆலாய்ப் பறக்கிறவர்கள் என்று நினைப்பார்களாம். வேண்டாம் என்று சொல்ல வேண்டும், வீட்டுக்காரர் மறுபடி கேட்க வேண்டும், மூன்றாவது தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் மரியாதை. நான் முதல் தடவையே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், வீட்டில் இருப்பதே அவ்வளவுதான் போலிருக்கிறது, வீட்டு ஆட்களுக்கு எடுத்து வைக்கிறாள் என்று நினைத்தார்களாம். பாவம், அதனால்தான் என்னைச் சங்கடப்படுத்தாமல் வெளியே போய்ச் சாப்பிட்டிருக்கிறார்கள். வெண்ணெயைப் பார்த்துச் சிரித்தது, இவ்வளவு தூரம் வந்தும் அது விடாமல் கூடவே வந்துவிட்டதே என்று.

எங்கள் வீட்டிலும் இதேதான் என்று நான் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. கணவர்தான் சாட்சி சொன்னார். பெண் பார்க்க வந்தபோது பலகாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுபடி யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கிய கதையை எடுத்துவிட்டார். அவருடைய உடைந்த இங்கிலீஷில் அது இன்னும் நன்றாக இருந்தது. அந்த ராத்திரி சட்டி காலி. அவர்கள் சீஸை வெட்டி மரவள்ளிக்கிழங்கின் மேல் வைத்து எங்களுக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தார்கள். நாங்களும் முறைப்படி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்கினோம்.

கிளம்பும்போது ஒரு பொட்டலம் நெத்திலியை நீட்டினேன். வேண்டாமென்றார்கள். பெட்டிக்குள் திணித்துவிட்டேன். மறு வருடம் அவர்கள் ஊரிலிருந்து இன்னொரு ஜோடி வந்து இறங்கியது. ஏஜண்டு இப்போது போன் போடுவதில்லை.

வகுப்பில் சொன்னதிலும் தப்பில்லை. வேண்டாம் என்றால் நிஜமாகவே வேண்டாம் என்கிற விருந்தாளிகளும் வரத்தான் செய்கிறார்கள். யார் எந்த ரகம் என்று எனக்கு இன்றைக்கும் சில நேரம் குழப்பம்தான். ஆனால் வாய் சொல்வதை மட்டும் நம்பிக் கிண்ணத்தைத் தூக்குவதில்லை. ஒரு அடி எடுத்து வைத்து, அவர்கள் கண்ணும் கூடவே வருகிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.