மிளகாய் பஜ்ஜி எண்ணெயில் ஒரு மலையேற்றம்

எனக்குக் கோபம் வந்தால் எதையாவது செய்து முடித்தால்தான் அடங்கும். எங்கள் டீசல் காரை பஜ்ஜி சுட்ட எண்ணெயில் ஓட்டியதும் அப்படி ஒரு கோபத்தில் ஆரம்பித்ததுதான். சுற்றுச்சூழலுக்காகவா, சிக்கனத்துக்காகவா என்று இப்போது வந்து கேட்கிறவர்களிடம் நானும் தலையாட்டி வைக்கிறேன். உண்மை அதுவல்ல.

ஏற்காட்டில், ஏரிக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு பஜ்ஜிக் கடை. நானும் வீட்டுக்காரரும்தான் முதலாளி, நாங்களே வேலையாள். சீசனில் அடுப்பை விட்டு வாணலி இறங்காது. கறுத்துப்போன எண்ணெயை டின்களில் ஊற்றி வைப்போம். வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் மொபெட்டில் வந்து வாங்கிப்போவார். சோப்பு செய்யப் போகிறது என்பார். நானும் நம்பினேன்.

ஒருநாள் மலைக்குக் கீழே ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரே பள்ளிக்கூடம், அதை ஒட்டி ஒரு பலகாரக் கடை. அந்தக் கடையில் எங்கள் டின். அடையாளத்துக்கு நான் போடும் பச்சைப் பெயின்ட் கோடு பளிச்சென்று தெரிந்தது. கடைக்காரர் அந்த டின்னைச் சாய்த்து வாணலியில் ஊற்றினார். சுற்றிலும் சீருடைப் பிள்ளைகள் வடைக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

நான் அங்கேயே சண்டைக்குப் போனேன். அந்த ஆள் நிதானமாகக் கரண்டியைத் திருப்பிக்கொண்டே, “ஏனுங்க அக்கா, நீங்க சுட்டுக் கறுப்பாக்குன எண்ணெய்தானுங்களே. நானா கெடுத்தேன்?” என்றார். வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். அன்று தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

அடுத்த வாரம் மொபெட்காரரை வெறுங்கையோடு அனுப்பினேன். என் கடை எண்ணெய் இனி யார் வாய்க்கும் போகாது என்று சொல்லியும்விட்டேன். சொல்வது சுலபம். சாக்கடையில் ஊற்றினால் ஏரிக்குத்தான் போகும். மண்ணில் ஊற்றினால் செடி கருகும். கடைக்குப் பின்னால் டின்கள் சேர்ந்துகொண்டே போயின. ஒரு டின் சரிந்து, அதில் வழுக்கி விழுந்தவர் என் வீட்டுக்காரர்.

“ஏம்புள்ள, இந்தச் சனியனைக் கட்டிக்கிட்டு எத்தனை நாளைக்கு அழுவ? ஊர்ல எல்லாரும் குடுக்கறாங்க, நாமளும் குடுத்துட்டுப் போலாம்.”

“குடுக்க மாட்டேனுங்க.”

“அப்ப குடிச்சுப்போடு.”

அந்தச் சமயத்தில்தான் காரை சர்வீசுக்காக சேலத்துக்குக் கொண்டுபோனேன். சரக்கு ஏற்றுவதற்கென்று வாங்கிய மிகப் பழைய டீசல் கார். ஓட்டுவது நான். வீட்டுக்காரருக்கு மலைப்பாதை என்றால் பயம், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வதோடு சரி. மெக்கானிக், லாரி என்ஜின்களின் டீசல் பம்ப்பைப் பழுதுபார்க்கிற ஒரு தம்பி. “வண்டிக்கு என்ன ஊத்தினாலும் ஓடுமா?” என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “புது வண்டி ஓடாதுங்க அக்கா. உங்களுது பழைய பம்ப். எண்ணெய் சுத்தமா, தண்ணி மாதிரி இளக்கமா இருந்தா குடிக்கும்” என்றார்.

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து என் முடிவைச் சொன்னேன். வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள், ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் இந்த எண்ணெயில் வண்டி சரக்கோடு மலை ஏறவேண்டும். இல்லையென்றால் டின்கள் மொபெட்காரருக்குப் போகும், நான் வாயைத் திறக்கக் கூடாது. சரி என்றேன். அந்தப் பிள்ளைகள் நீட்டிய கைகள் கண்ணிலேயே நின்றன.

எண்ணெயைச் சுத்தம் செய்வதில் எனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. அடியில் கடலைமாவும் மிளகாய் விதையும் சேறாகத் தங்கும்வரை அசைக்காமல் வைத்தேன். தெளிந்ததை மட்டும் வீட்டுக்காரரின் வேட்டியை நான்காக மடித்து வடிகட்டினேன். நல்ல வேட்டிதான். என்னைக் கேலி பேசியதற்கு அது தண்டனை. பிறகு அடுப்பில் ஏற்றினேன். தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெய் சடசடக்கும். அந்தச் சத்தம் முழுதாக அடங்கும்வரை விட்டேன். மெக்கானிக் தம்பி ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “தேன் மாதிரி இருக்குதுங்க” என்றார். பெருமையாக இருந்தது.

அவர் டிக்கியில் இரண்டாவதாக ஒரு டாங்க் வைத்தார். அதற்குள் செம்புக் குழாயைச் சுருட்டிவிட்டு, ரேடியேட்டரின் சுடுதண்ணீர் அதன் வழியே ஓடும்படி செய்தார். அந்தச் சூட்டில் எண்ணெய் இளகும். என் கைக்கெட்டும் இடத்தில் ஒரு வால்வு. டீசலில் கிளப்பி, என்ஜின் சூடானதும் எண்ணெய்க்குத் திருப்பவேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்னால் மறுபடி டீசலுக்குத் திருப்பிவிடவேண்டும். இல்லாவிட்டால் ஆறிய எண்ணெய் குழாயில் நின்று அடைத்துக்கொள்ளும். சேலத்தில் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தோம். பூனைக்குட்டி மாதிரி ஓடியது.

“ஏத்தத்துக்கு டீசலே இருக்கட்டுங்க அக்கா, பலம் வேணும். முதல்ல இறக்கத்துக்கு எண்ணெய் போட்டுப் பழகுங்க” என்றார் தம்பி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஏற்றத்தின் மேல் எங்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு மரியாதை.

தை மாதக் காலை, பனி விலகாத நேரம். டீசலில் கிளப்பி, இறக்கம் தொடங்கியதும் வால்வைத் திருப்பினேன். மூன்றாவது வளைவில் என்ஜின் இருமியது. நான்காவதில் செத்தது. டீசலுக்குத் திருப்பினாலும் உயிர் வரவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால், ஃபில்டருக்குள் எண்ணெய் வெள்ளை வெளேரென்று நெய்யாக உறைந்திருந்தது. வீட்டுக்காரர் ஒரு கல்லில் உட்கார்ந்து, “நொம்ப நல்லா இருக்குது புள்ள. தோசைக்கு வழிச்சுக்கலாம்” என்றார்.

பக்கத்து டீக்கடையில் ஒரு குடம் வெந்நீர் வாங்கி ஃபில்டர் மேலும் குழாய் மேலும் மெதுவாக ஊற்றினேன். வெள்ளை கரைந்தது, வண்டி கிளம்பியது. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். சேலத்து மெக்கானிக்குக்குக் குளிர் தெரியாது, சரி. குளிர்காலம் முழுக்க பாமாயில் டின்னை அடுப்போரம் வைத்து உருக்குகிறவள் நான். எனக்குத் தெரியவேண்டாமா? இறக்கத்தில் என்ஜினுக்கு வேலையே இல்லை. வேலை இல்லாத என்ஜின் எப்படிச் சூடாகும்? அது கொதிக்கக் கொதிக்க உழைப்பது ஏற்றத்தில் அல்லவா? நாங்கள் தலைகீழாகச் செய்திருந்தோம்.

தம்பியிடம் சொன்னேன். “ஆமாங்க்கா” என்று தலையைச் சொறிந்தார். எண்ணெய்க் குழாயைச் சுடுதண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டி, இரண்டுக்கும் மேலே சாக்கைச் சுற்றினோம்.

தவணையின் கடைசி நாள். சேலத்தில் உருளைக்கிழங்கு, வெங்காயம், கடலைமாவு மூட்டைகளை ஏற்றினோம். டயர் நசுங்கி நின்றது. மலையடிவாரத்துக் குப்பனூர்வரை டீசலில் ஓட்டி, என்ஜின் நன்றாகச் சூடானதும் வால்வைத் திருப்பினேன். ஏற்றம் தொடங்கியது. என்ஜின் குரல் கொஞ்சம் தணிந்தது. போச்சு என்று நினைத்தேன். தணிந்த குரலிலேயே அது இழுக்க ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு, ஒரு முக்கல் இல்லை, முனகல் இல்லை.

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து எங்களை முந்தியது. ஜன்னலில் ஒருவர் தலையை நீட்டி மூக்கை உறிஞ்சினார். “ஏனுங்க, எங்கீங்க மொளகா பஜ்ஜி போடறாங்க?” எங்கள் புகைதான். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பாதி மலையில், கொட்டச்சேட்டில் வீட்டுக்காரர் டீக்கு நிறுத்தச் சொன்னார். “சாமியே வழி மறிச்சாலும் நிறுத்த மாட்டேனுங்க” என்றேன். காப்பித் தோட்டங்களைத் தாண்டி, கடைசி ஏற்றத்தில் அவர் சீட்டின் நுனிக்கு வந்து, வண்டியைத் தானே தள்ளுகிறவர்போல டேஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். ஏறிவிட்டோம். நான் கத்திய கத்தலில் ரோட்டோரக் குரங்குகள் மரத்துக்குத் தாவின.

டீசலுக்கு மாற்றிக் கடை முன்னால் வந்து நிறுத்தினால், அங்கே மொபெட்டில் காலி டின்களோடு அந்த ஆள். வண்டி ஏறாது என்ற நம்பிக்கையில் அன்றைக்கு அவரை வரச் சொல்லியிருந்தவர் என் வீட்டுக்காரர்! எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் கதவைத் திறந்து இறங்குவதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“உங்களுக்குக் குடுக்க எண்ணெய் இல்லீங்க. எங்க வண்டிக்கே பத்தாது” என்றார் மொபெட்காரரிடம். பிறகு ரோட்டைத் தாண்டி எதிரே இருந்த பஜ்ஜிக் கடைக்குப் போய், “அக்கா, உங்க பழைய எண்ணெயை இனி யாருக்கும் குடுத்துராதீங்க, நாங்க எடுத்துக்கறோம்” என்றபடி அவர்களுடைய கறுத்த டின்னைத் தானே தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.