நாலு பேர் கூட்டிய அறை

சுனாமிக்கு மறு ஆண்டு, சோனங்குப்பத்து லோகநாயகி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிதம்பரத்துக்கு லாட்ஜ் வேலைக்குப் போனாள். அவள் கணவன் தாண்டவராயனின் படகு அலையில் உடைந்திருந்தது. புதுப் படகு கிடைத்த பிறகும் கடலில் இறங்க மனமில்லாமல் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். வீட்டில் உலை வைத்தாக வேண்டும். கடலூர் முதுநகரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சிதம்பரம். கீழவீதிப் பக்கமிருந்த அந்த லாட்ஜில் அறை கூட்டித் துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றுவது அவள் வேலை.

மீன் விற்ற நாள்வரை அவளிடம் யாரும் வாலாட்டியதில்லை. லாட்ஜில் சேர்ந்த அன்றே மேனேஜர் திருநாவுக்கரசு, "இங்க சத்தம் போட்டுப் பேசக் கூடாதும்மா. கஸ்டமரு என்ன சொன்னாலும் சரிங்க சார்னு சொல்லிப் பழகு" என்று பாடம் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டாம் நம்பர் அறையில் மாதம் தவறாமல் கெமிக்கல் வியாபாரி ஒருவர் வந்து தங்குவார். தன் ஆட்களுக்கென்று கூடவே நாலைந்து அறை எடுப்பார் என்பதால் முதலாளிக்கு வேண்டியவர். அவர் வருகிற அன்று, அறை கூட்டுகிறவர்களில் மூத்தவளான தைலம்மாளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். மகேஸ்வரிக்கு மொட்டை மாடியில் துணி உலர்த்துகிற வேலை வந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவள் தலையில்தான் பன்னிரண்டு விழும்.

லோகநாயகி போனாள். இடுப்பில் துண்டோடு கட்டிலில் இருந்தவர், அவள் குனிந்து கூட்டத் தொடங்கியதும் எழுந்து கதவைத் தாழிட்டார்.

"கதவத் தெறங்க சார்."

"ஏசி காத்து வெளிய போயிடும்ல?" என்று சிரித்தபடி அவள் கையைப் பிடித்தார்.

கையை உதறித் தாழைத் திறந்து வெளியே வந்தவள், நேரே மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். "கையத்தானம்மா புடிச்சாரு. வெளிய சொன்னா உனக்குத்தான் அசிங்கம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

வீட்டில் அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால் தாண்டவராயன் வேலையை விடச் சொல்வான். அந்த ஆள் மேலிருந்த கோபம் ஒரு பக்கம். எல்லாருக்கும் தெரிந்தும் ஒருத்திகூட முன்னால் சொல்லவில்லையே என்பது இன்னும் உறுத்தியது. மறுநாள் மாடிப்படிக்கு அடியில் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டே விட்டாள்.

"ஒங்களுக்கும் நடந்துச்சாக்கா?"

நாலாவது ஆளான, கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பொன்னி குனிந்து சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். கடைசியில் தைலம்மாள், "என்னாடி பண்ணச் சொல்ற? வாயத் தொறந்தா பொழப்பு போயிடும்" என்றாள்.

"ஒருத்தியா போனாத்தான அந்தாளு ஆடுறான்? இனிமே நாலு பேருமாப் போவோம்."

அடுத்த மாதம் பன்னிரண்டிலிருந்து அழைப்பு வந்ததும் நால்வரும் போனார்கள். கதவை அகலத் திறந்து வாளியை முட்டுக் கொடுத்தார்கள். ஒருத்தி கூட்ட, ஒருத்தி துடைக்க, ஒருத்தி குளியலறையைக் கழுவ, ஒருத்தி கட்டில் விரிப்பை உருவினாள். நடுவில் துண்டோடு நின்றவருக்கு உட்கார இடமில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

புகார் போனது. "ஒரு ரூமுக்கு நாலு பேரா?" என்று மேனேஜர் கத்தினார்.

"பெரிய கஸ்டமருன்னு நீங்கதான சார் சொன்னீங்க? நல்லா கவனிக்க வேணாமா?" என்றாள் லோகநாயகி.

அன்றிலிருந்து அவளை மொட்டை மாடிக்குத் துணி துவைக்க அனுப்பினார்கள். வெயிலில் கிடந்தாள். ஆனால் வியாபாரி அடுத்து வந்தபோது, அவள் இல்லாமலும் மற்ற மூவரும் சேர்ந்தே பன்னிரண்டுக்குப் போனார்கள். அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கு லாட்ஜ் நிரம்பி வழிந்தது. ஆளுக்கொரு மாடி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், துண்டு எடுத்துக்கொண்டு தனியாகப் போன பொன்னியை அந்த வியாபாரி படிக்கட்டில் மடக்கினார். ரவிக்கைக் கை கிழிந்து மாடிக்கு ஓடி வந்தவள் படிக்கட்டைக் கை காட்டினாள். லோகநாயகி விரிப்புகளைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு இறங்கினாள். தைலம்மாளும் மகேஸ்வரியும் துடைப்பத்தை வைத்துவிட்டு வந்தார்கள். நால்வரும் வரவேற்பறைத் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

கூட்டாத அறைகளுக்கு முன்னால் பக்தர்கள் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். முதலாளி காரில் வந்து இறங்கி, "நாலு பேரு சீட்டையும் கிழிச்சிடுவேன்" என்று மிரட்டினார்.

"கிழிங்க சார். ஏன் கிழிச்சீங்கன்னு இங்க நிக்கிறவங்களுக்கும் சொல்லிடுங்க" என்றாள் லோகநாயகி. "ஆளு உள்ள இருக்குற ரூமுக்கு இனிமே எங்கள்ல யாரும் கூட்டப் போவ மாட்டோம். சாவியக் கீழ குடுத்துட்டு அவுங்க வெளிய போனப்புறம் கூட்டுறோம். அந்தாளு இன்னிக்கே காலி பண்ணணும்."

குடும்பத்தோடு வந்திருந்த ஓர் அம்மாள், "அந்தாளு என்னம்மா பண்ணான்?" என்று முன்னால் வந்தாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. முதலாளி குரலை இறக்கினார். நியாயத்தைவிட லாட்ஜின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம்தான் அவரை வளைத்தது. வியாபாரி பின்வாசல் வழியாக ஆட்டோ ஏறிப் போனார்.

போலீஸுக்குப் போக லோகநாயகி துணை வருவதாகச் சொன்னாள். பொன்னியின் வீட்டார் சம்மதிக்கவில்லை. அவளை வேலைக்கும் அனுப்பவில்லை. அது லோகநாயகிக்கு ஆறாத குறை. சாவி விதி மட்டும் நிலைத்தது. சில வருடம் கழித்து அவளையே சூப்பர்வைசராகப் போட்டார்கள். சேருகிற பெண்ணுக்கு முதல் நாள் அவள் சொல்லிக் கொடுப்பது அந்த விதியைத்தான்.

2012 வாக்கில், அந்த வியாபாரி தெற்குவீதியில் வேறொரு லாட்ஜில் தங்குவதாக லோகநாயகி காதில் விழுந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய், பின்பக்கக் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்களிடம் விஷயத்தைச் சொன்னாள். யாரோ எவளோ என்று அவர்கள் முகம் கொடுக்கவில்லை. ஆளின் அடையாளத்தைச் சொன்னதும் ஒருத்தி கழுவுவதை நிறுத்தினாள்.

"செத்த ஒக்காருங்கக்கா" என்றாள்.