முத்தாயி பிரித்த விதை

கொட்டச்சேடு மலைக்கிராமத்தில் முத்தாயியைப் போல உழைக்கிறவள் இன்னொருத்தி கிடையாது. அவளைப் போல வயிற்றெரிச்சல் பிடித்தவளும் கிடையாது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவளைப் பற்றிச் சொன்னதாகும்.

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் ஓரகத்தி பாவாயி. அண்ணன் சித்தனின் பெண்டாட்டி முத்தாயி. தம்பி செல்லப்பனின் பெண்டாட்டி பாவாயி. மாமனார் காட்டைச் சரிபாதியாகப் பிரித்து, நடுவே ஒரு கல்வரப்பு போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். அதே மண், அதே மழை. ஆனால் பாவாயி காட்டில் மட்டும் எப்போதும் ஏதாவது காய்த்துக்கொண்டே இருந்தது. அது பார்க்க லட்சணமான காடாக இருந்தாலாவது முத்தாயிக்கு மனசு ஆறும். அதுவும் இல்லை. கேழ்வரகு, சாமை, துவரை, அவரை, ஆமணக்கு எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டிக் கலந்து இறைத்துவிடுவாள். மலைக்காட்டில் எல்லோரும் செய்ததுதான். முத்தாயிக்கோ கேழ்வரகு என்றால் கேழ்வரகு மட்டும். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பாக்கியநாதன் ஒருநாள் வழியில் நின்று, "சித்தன் காடு பாய் விரிச்ச மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அவள் ஒரு வருஷம் சொல்லித் திரிந்தாள்.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. பாய் அப்படியே காய்ந்து சுருண்டது. பாவாயியின் கேழ்வரகும் போயிற்று. ஆனால் சாமை குட்டையாக நின்று கதிர் விட்டது. துவரையும் ஆமணக்கும் வறட்சியைக் கண்டுகொள்ளவே இல்லை. முத்தாயியின் கண்ணுக்குத் தெரிந்தது சாமை மட்டும்தான். பாவாயி வீட்டில் சாமை குத்தும் சத்தம் கேட்கும்போதெல்லாம், உலக்கை தன் நெஞ்சிலேயே விழுவதாக நினைத்துக்கொண்டாள்.

அடுத்த விதைப்புக்கு வீட்டில் விதை இல்லை. பாவாயியிடம் கை நீட்டுவதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்பது முத்தாயியின் கட்சி. அதனால் சித்தனைப் பிடித்தாள்.

"ஏனுங்க, உங்க தம்பிகிட்டக் கொஞ்சம் விதை வாங்கியாங்க. நான் கேட்டன்னு மட்டும் சொல்லிராதீங்க."

"பக்கத்து ஊட்டுல கேக்கறதுக்கு இத்தன ரகசியமா, புள்ள?"

செல்லப்பன் கூடை நிறையக் கொடுத்தனுப்பினான். கலந்த விதை. இங்கேதான் முத்தாயி கெட்டிக்காரி ஆனாள். சல்லடையில் சலித்துத் துவரையையும் அவரையையும் ஆமணக்கையும் ஒதுக்கினாள். மிச்சத்தை முறத்தில் சாய்த்துத் தட்டினாள். கேழ்வரகு உருண்டு ஓடிவிடும், சாமை தங்கும். கண் பூத்துப்போகிற வேலை.

"பஞ்சத்துல நின்னது சாமைதானுங்க. மத்ததெல்லாம் அவ சும்மா தூவுறா" என்றாள்.

தள்ளியதில் ஆமணக்கை எண்ணெய்க்குப் போட்டு, மற்றதைக் களியாகவும் குழம்பாகவும் ஆக்கித் தின்றுவிட்டு, காடு முழுக்கச் சாமையை விதைத்தாள். இந்த வருஷம் பாவாயி வரப்பில் நின்று ஏங்குவாள் என்று நினைக்க நினைக்க அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

சாமை பிரமாதமாகத்தான் வந்தது. அறுக்கப் போகிற சமயத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது. கதிர்கள் மண்ணில் படுத்து அங்கேயே முளைவிட்டன. பாவாயியின் சாமையும்தான் படுத்தது. அவளுக்கு அதனால் என்ன? கேழ்வரகு ஈரத்தில் தளதளவென்று நின்றது, அவரை ஆமணக்கைப் பிடித்து ஏறிக் காய்த்தது. முத்தாயி வரப்பில் நின்று வானத்தைத் திட்டினாள். பார்வை என்னவோ பாவாயி காட்டின் மேல்தான் இருந்தது.

சித்தன் மறுபடியும் தம்பி வீட்டுக்குப் போனான். இந்த முறை விதையோடு பாவாயியின் சேதியும் வந்தது: "விதையப் பிரிக்க வேண்டாம்னு அக்காகிட்டச் சொல்லுங்க. எந்த வருசம் எது நிக்கும்னு எனக்கே தெரியாதுங்க."

"தெரியாதாமா! பெரிய இவ" என்று முத்தாயி பொருமினாள். ஆனால் கலந்தபடியே விதைத்தாள். வெயிலும் மழையும் மாறி மாறி அடித்த வருஷம் அது. ஒன்று போனால் ஒன்று வந்தது. குதிர் நிறைந்தது. ஊரோ, "பாவாயி ஊட்டு விதையாச்சே" என்றது. முத்தாயிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷ மழையில்தான் பாவாயி வீட்டுக் கூரை ஒழுகி, அவளுடைய விதைக்கூடை முழுக்க முளைத்துவிட்டது. சேதி கேட்டு முத்தாயி நிம்மதியாகத் தூங்கினாள். இனி அவள் வந்துதானே ஆகவேண்டும்? வந்ததும் காக்க வைக்க வேண்டும், இரண்டு தடவை கேட்க வைக்க வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும். பேசவேண்டியதையெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டாள்.

பாவாயி இடுப்பில் கூடையோடு வந்தாள். வாசலில் நாலு பேர் இருக்கத்தான் செய்தார்கள்.

"அக்கா, எங்க ஊட்டு விதையெல்லாம் முளச்சுப்போச்சுங்க. ரெண்டு வள்ளம் போடுங்க."

சிரித்துக்கொண்டே கேட்டாள். குழம்புக்குக் கொஞ்சம் உப்புக் கேட்கிறவளைப் போலக் கேட்டாள். யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முத்தாயி உடனே எழுந்து விதைக்கூடையை இழுத்தாள். வள்ளத்தைக் குவித்துக் குவித்து அளந்து போட்டாள்.

"வரட்டுங்களா அக்கா" என்று பாவாயி போய்விட்டாள்.

முத்தாயி வள்ளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தன்னால் ஒரு நாளும் முடியாததை இவள் எப்படி இத்தனை சுலபமாகச் செய்துவிட்டுப் போகிறாள்? காட்டைப் பார்த்து எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அன்றைக்குத்தான் பாவாயியைப் பார்த்து அவளுக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது.